தண்ணீர் இல்லாத கொண்டென்சர் கொழும்பு வெக்கையில் வேலை செய்யுமா?

கரைப்பானைக் கொதிக்கவைத்து, அதன் ஆவியைக் குளிர்வித்துத் திரும்பக் குடுவைக்குள்ளேயே சொட்டவிடுவதுதான் ரிஃப்ளக்ஸ், அந்த ஆவியைக் குளிர்விக்கும் கண்ணாடிக் குழாய்தான் கொண்டென்சர். ரிஃப்ளக்ஸ் போட்டிருக்கும் ஒரு கொண்டென்சருக்குள் நிமிடத்துக்கு 2 லீற்றர் தண்ணீர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இது கூட்டிச் சொன்ன கணக்கு இல்லை, பைப்பைக் கொஞ்சம் தாராளமாகத் திறந்தாலே அவ்வளவு வந்துவிடும். மணித்தியாலத்துக்கு 120 லீற்றர். பின்னேரம் நாலரைக்குப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய், அடுத்த நாள் காலை எட்டரைக்கு வந்து நிறுத்தினால் 16 மணித்தியாலம், 1920 லீற்றர். வீட்டுக் கூரைகளில் நிற்கிற 1000 லீற்றர் தாங்கிகளில் கிட்டத்தட்ட இரண்டு, ஒரே இரவில், ஒரே ஒரு குடுவைக்காக. அதுவும் எந்த இரசாயனத்தையும் தொடாத தண்ணீர். கண்ணாடிச் சுவரின் வெளிப்பக்கமாக ஓடிவிட்டு நேராகச் சிங்க்குக்குள் விழுகிறது.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்கவேண்டும். கொழும்புக்குப் போகும் குடிநீரின் பெரும் பகுதி களனி கங்கையிலிருந்து எடுத்து அம்பத்தளையில் சுத்திகரிக்கப்படுகிறது. லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் ஒரு பங்கு வருகிறது. மழை பொய்த்து ஆற்று மட்டம் இறங்கிவிட்டால் கடல்நீர் ஆற்றுக்குள் ஏறிவரும், அம்பத்தளையில் நீர் எடுக்கும் இடம் வரைக்கும் உப்பு வந்துவிடுமோ என்ற பயம் வரும், அதற்காகவே அங்கே ஆற்றுக்குக் குறுக்கே உப்புத் தடுப்பு போட்டிருக்கிறார்கள். இவ்வளவு பாடுபட்டு எடுத்து, படிகாரம் போட்டு, வடிகட்டி, குளோரின் சேர்த்து, மின்சாரம் செலவழித்து மேலே ஏற்றி அனுப்புகிற குடிநீரைத்தான் நாம் எதனோல் ஆவியைக் குளிர்விக்கத் திறந்துவிடுகிறோம். மாநகரக் கழிவுநீர்த் தொகுதியோடு இணைந்த கட்டடம் என்றால் அது வெள்ளவத்தையிலோ முகத்துவாரத்திலோ கடலுக்குப் போய்ச் சேரும். களனியில் தொடங்கி இடையில் ஒரு கண்ணாடிக் குழாயைச் சுற்றிவிட்டுக் கடலுக்குப் போகிறது, அவ்வளவுதான்.

சரி, உண்மையில் எவ்வளவு தண்ணீர் தேவை? இந்தக் கேள்வியை ஆய்வுகூடங்களில் யாரும் கேட்பதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். கணக்கு உயர்தர மாணவர் போடக்கூடியது. ஒரு 250 மில்லிலீற்றர் குடுவையில் எதனோல் கொதிக்கிறது, அதற்குள் ஹொட்பிளேட்டிலிருந்து 100 வாட் வெப்பம் போகிறது என்று எடுப்போம். எதனோலின் ஆவியாதல் மறைவெப்பம் கிராமுக்கு ஏறத்தாழ 840 ஜூல். ஆகவே 100 வாட்டில் நிமிடத்துக்கு 7 கிராம், அதாவது கிட்டத்தட்ட 9 மில்லிலீற்றர் ஆவியாகித் திரும்பச் சொட்டும். செக்கனுக்கு மூன்று சொட்டு மாதிரி வரும், நல்ல வேகமான ரிஃப்ளக்ஸ். இந்த 100 வாட்டை நிமிடத்துக்கு 2 லீற்றர் ஓடும் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனால் அந்தத் தண்ணீர் எவ்வளவு சூடாகும் தெரியுமா? 0.7 பாகைதான். கையை வைத்துப் பார்த்தால் உள்ளே போகும் தண்ணீருக்கும் வெளியே வரும் தண்ணீருக்கும் வித்தியாசமே தெரியாது. நிமிடத்துக்கு அரை லீற்றராகக் குறைத்தால்கூட 3 பாகைக்குள்தான் ஏறும், இரவுச் செலவு 1920 லீற்றரிலிருந்து 480 லீற்றருக்கு இறங்கிவிடும். ஒரு சதமும் செலவில்லை.

அப்படியென்றால் ஏன் எல்லோரும் பைப்பை அவ்வளவு திறக்கிறார்கள்? சோம்பல் என்று சொல்லிவிடுவது நியாயமில்லை. பகலில் கட்டடம் முழுக்கத் தண்ணீர் பாவிக்கும்போது அழுத்தம் இறங்கும், மெல்லிதாக விட்ட ஓட்டம் நின்றுபோகும், அந்தப் பயத்தில் கொஞ்சம் கூடவே திறக்கிறார்கள். பிறகு இரவில் எல்லோரும் போனதும் அழுத்தம் ஏறுகிறது. கூடத் திறந்த பைப்பில் ஓட்டம் இன்னும் கூடி, கம்பி கட்டாத ரப்பர் குழாய் கழன்று, காலையில் வந்து பார்த்தால் தரை முழுக்கத் தண்ணீர், கீழ் மாடிக் கூரையிலும் ஒழுக்கு. இரவில் ஆய்வுகூடம் வெள்ளமாவதற்கு இது ஒரு வழமையான காரணம். தண்ணீர் இல்லாத கொண்டென்சர் பிரித்தானியா போன்ற இடங்களில் பரவியதற்கும் தண்ணீர்ச் சேமிப்பு மட்டும் காரணமில்லை, வெள்ளப் பயமும் பெரிய பங்கு.

இனி அந்தப் பொருளுக்கு வருவோம். நாம் பாடசாலையில் லீபிக் ஒடுக்கி என்று படித்ததை லீபிக் கண்டுபிடிக்கவில்லை, எதிரோட்டத் தண்ணீரால் குளிரூட்டும் யோசனையை 1771 இலேயே ஜேர்மனியின் வைகல் எழுதிவிட்டார், லீபிக் அதைப் பரப்பினார். அதற்கும் முன்பிருந்தே காற்றால் குளிரூட்டுவது இருந்தது, வெறும் நீளக் குழாய் போதும். கொதிநிலை 140, 150 பாகைக்கு மேல் இருக்கும் திரவங்களுக்கு இன்றைக்கும் அதைத்தான் போடச் சொல்கிறார்கள், ஏனென்றால் அவ்வளவு சூட்டில் குளிர்தண்ணீர் ஓடினால் கண்ணாடி வெடிக்கலாம். ஆகவே காற்றுக் கொண்டென்சர் புதிதில்லை. கொதிநிலை 60, 70 பாகையில் இருக்கும் கரைப்பான்களுக்கும் அது போதுமாகும்படி செய்ததுதான் புதிது.

சிக்கல் என்னவென்றால், காற்று வெப்பத்தை மிக மெதுவாக எடுக்கும். விசிறி இல்லாத இடத்தில் ஒரு சதுர மீற்றர் பரப்பிலிருந்து, ஒரு பாகை வித்தியாசத்துக்கு, 5 முதல் 10 வாட் வரைதான் போகும். 40 சென்ரிமீற்றர் நீளமும் இரண்டரைச் சென்ரிமீற்றர் விட்டமும் உள்ள வெறும் கண்ணாடிக் குழாயின் பரப்பு 0.03 சதுர மீற்றர்தான். 30 பாகை அறையில் எதனோல் கொதித்தால் அந்தக் குழாய் ஒரு 12 வாட்டைத்தான் தாங்கும். அதற்கு மேல் சூடாக்கினால் ஆவி மேலால் தப்பிவிடும். ஆகவே பரப்பைக் கூட்டவேண்டும். பிரித்தானியாவின் ராட்லீஸ் நிறுவனத்தின் ஃபின்டென்சர் இதைச் செட்டைகளால், அதாவது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தகடுகளால், செய்கிறது: உள்ளே கண்ணாடி, வெளியே செட்டை வைத்த அலுமினிய உறை, இரண்டுக்கும் நடுவில் நிரந்தரமாக அடைத்த கொஞ்சத் தண்ணீர். அந்தத் தண்ணீர் ஓடுவதில்லை, கண்ணாடியிலிருந்து அலுமினியத்துக்கு வெப்பத்தைக் கடத்துகிறது. அலுமினியம் கண்ணாடியைவிட நூறு மடங்குக்கு மேல் நன்றாக வெப்பத்தைக் கடத்தும் என்பதால் செட்டையின் நுனி வரைக்கும் சூடு போய்ச் சேர்கிறது. இன்னொரு பிரித்தானிய நிறுவனமான அசின்ட் விற்கும் கொண்டென்சின் முழுக்கக் கண்ணாடி, கண்ணாடியையே பரப்புக் கூடும்படி வார்த்திருக்கிறார்கள். அலுமினிய உறை இருந்தால் ஆவி எந்த உயரம் வரை ஏறுகிறது என்று உள்ளே பார்க்கமுடியாது. எனக்கு அது ஒரு குறையாகத்தான் படுகிறது. ஆவி திரவமாகும் உயரத்தில் தெரியும் ரிஃப்ளக்ஸ் வளையத்தைக் கண்ணால் பார்த்துச் சூட்டைச் சரிசெய்து பழகிய மாணவருக்குக் கண்ணாடிதான் நல்லது.

இங்கேதான் கொழும்பு குறுக்கே வருகிறது. காற்றால் குளிரூட்டும் எதுவும் கரைப்பானின் கொதிநிலைக்கும் அறை வெப்பநிலைக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தில்தான் ஓடுகிறது. இந்தக் கொண்டென்சர்கள் பிறந்த ஊர்களில் ஆய்வுகூடம் 20, 22 பாகையில் இருக்கும். கொழும்பில் ஏசி இல்லாத போதனா ஆய்வுகூடத்தில் பின்னேரம் 30 பாகை சாதாரணம், பக்கத்தில் நாலு ஹொட்பிளேட் எரிந்தால் அதற்கும் மேலே. அந்த 8 பாகை எல்லாக் கரைப்பானையும் ஒரே மாதிரிப் பாதிப்பதில்லை. தொலுயீன் 110 பாகையில் கொதிக்கிறது, வித்தியாசம் 88 இலிருந்து 80 ஆகிறது, பத்தில் ஒரு பங்குகூட இழப்பில்லை. எதனோலுக்கு 56 பாகை 48 ஆகிறது, பொறுத்துக்கொள்ளலாம். எதைல் அசற்றேற் 77, ஹெக்சேன் 69, மெதனோல் 65, இவை எல்லாவற்றுக்கும் சூட்டைக் கொஞ்சம் குறைத்துப் போட்டால் சமாளிக்கும். அசற்றோன் 56 பாகையில் கொதிப்பது எல்லைக் கோட்டில் நிற்கிறது. ஆனால் டைக்குளோரோமீதேன் 40 பாகைக்குச் சற்றுக் கீழே கொதிக்கும், அதற்கு வித்தியாசம் 18 பாகையிலிருந்து 10 ஆகப் பாதியாகிவிடுகிறது. ஈதர் 34.6 பாகை. 30 பாகை அறையில் மிஞ்சுவது நாலரைப் பாகை. செட்டை வைத்து 0.2 சதுர மீற்றர் பரப்பு எடுத்தாலும் 7, 8 வாட்டுக்கு மேல் போகாது, ரிஃப்ளக்ஸ் நடத்த அது போதவே போதாது. ஈதர் ஆவி காற்றைவிடக் கனமானது, மேசை வழியே ஊர்ந்துபோய்த் தூரத்திலுள்ள சூடான தட்டில் தீப்பிடிக்கக்கூடியது. ஆகவே கொழும்பில், ஏசி இல்லாத அறையில், ஈதருக்கும் டைக்குளோரோமீதேனுக்கும் தண்ணீர் இல்லாத கொண்டென்சரை நம்பக்கூடாது. விற்பனையாளரின் பட்டியலில் ஈதர் இருந்தாலும் கூடாது, அந்தப் பட்டியல் வேறு அறைக்குப் போட்டது.

ஆனால் இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். கொழும்பில் பைப் தண்ணீரும் குளிர்ந்த தண்ணீர் இல்லை! 27, 28 பாகையில்தான் வரும், கூரைத் தாங்கியில் வெயில் வாங்கியது என்றால் இன்னும் கூட. ஈதருக்கு அதுவும் 7 பாகை வித்தியாசம்தான் தருகிறது. பைப்பைப் போட்டு ஈதர் ரிஃப்ளக்ஸ் செய்கிறவர்கள் காலையில் குடுவையில் பாதிதான் இருக்கிறது என்று கண்டால், காரணம் இதுதான். ஆக கொழும்பில் தாழ்ந்த கொதிநிலைக் கரைப்பான்களுக்குக் காற்றும் சரிவராது, பைப்பும் சரிவராது, பனிக்கட்டித் தண்ணீர்தான் வழி. உயர்ந்த கொதிநிலைக் கரைப்பான்களுக்குக் காற்றே போதும், பைப் தேவையில்லை. நடுவிலுள்ளவற்றுக்குச் சூட்டை அடக்கிப் போட்டால் காற்று போதும். பைப் கட்டாயம் வேண்டும் என்று சொல்லக்கூடிய ரிஃப்ளக்ஸ் வேலை மிகக் கொஞ்சம். அது பழக்கத்தில் ஓடுகிறது.

நீர்வெட்டு விஷயத்தில் காற்றுக் கொண்டென்சருக்கு ஒரு பெரிய அனுகூலம் உண்டு. கொழும்பில் திருத்த வேலைக்கென்று சில வேளை நாள் முழுக்க நீரை நிறுத்துகிறார்கள். மின்வெட்டு வந்தால் ஹொட்பிளேட் தானாக அணைந்துவிடும், 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டிய காலத்தில்கூட ரிஃப்ளக்ஸைப் பொறுத்தவரை அது ஆபத்தான பக்கம் இல்லை, வேலை கெட்டது, அவ்வளவுதான். நீர்வெட்டு அப்படி இல்லை. தண்ணீர் நின்ற பிறகும் சூடு ஓடிக்கொண்டே இருக்கும், கரைப்பான் முழுக்க ஆவியாகிப் போகும், குடுவை வறண்டு கருகும், யாரும் அறையில் இருக்கமாட்டார்கள். கதவில் “இரவு ஓடுகிறது, பைப்பை மூடவேண்டாம்” என்று மூன்று மொழியிலும் எழுதி ஒட்டினாலும் நீர்வெட்டு அதை வாசிக்காது. இரவில் விட்டுப்போகும் வேலைக்குத் தண்ணீர் இல்லாத கொண்டென்சரை வாங்கச் சொல்வதற்கு, சேமிப்பைவிட இதுவே எனக்குப் பெரிய காரணம்.

எதற்கு அது பொருந்தாது என்பதையும் சொல்லவேண்டும். குடுவையைச் சுழற்றிக் கரைப்பானை ஆவியாக்கி எடுக்கும் ரொட்டரி எவப்பொரேற்றருக்கு வேண்டாம். அங்கே வெற்றிடத்தில் ஆவியை ஏறத்தாழ 40 பாகைக்கு இறக்கி வைத்திருக்கிறோம், தொட்டி 60, ஆவி 40, குளிர்நீர் 20 என்பது பழைய விதி. 28 பாகைப் பைப் தண்ணீராலேயே அந்த விதியைக் காப்பாற்ற முடியாது, 30 பாகைக் காற்று எங்கே காப்பாற்றும்? அதற்கு மூடிய சுற்றில் ஓடும் சில்லர் என்ற குளிரூட்டும் இயந்திரம்தான். காய்ச்சி வடித்தலுக்கும் யோசிக்கவேண்டும், அங்கே எல்லா ஆவியும் ஒரே தடவையில் கொண்டென்சருக்குள் போய்த் திரவமாகி வெளியே வரவேண்டும், வேகமாகச் சூடாக்கும் பழக்கமும் உண்டு. இலங்கையில் கறுவா இலை எண்ணெய் மாதிரி வாசனை எண்ணெய்களுக்கு நீரோடு சேர்த்துக் காய்ச்சுகிறோமே, அங்கே வெப்பநிலை வித்தியாசம் 70 பாகை, நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நீராவியின் மறைவெப்பம் கிராமுக்கு 2257 ஜூல், எதனோலைப் போல இரண்டரை மடங்குக்கு மேல். 300 வாட்டில் கொதிக்கவைத்தால் எந்தச் செட்டைக் கொண்டென்சரும் திணறும். மாறாக, செடி கொடிகளிலிருந்து ஹெக்சேனாலோ மெதனோலாலோ இரவு பகலாக ஓடும் சொக்ஸ்லெட் பிரித்தெடுப்பு (ஒரே கரைப்பானைத் திரும்பத் திரும்பக் கொதிக்கவைத்துச் செடியின் மேல் சொட்டவிட்டுக் கரைத்தெடுப்பது) இருக்கிறதே, நமது இயற்கைப் பொருள் இரசாயனவியலில் அன்றாட வேலை, சூட்டை அடக்கினால் அதற்கு இந்தக் கொண்டென்சர் நன்றாகப் பொருந்தும். அதுதான் தண்ணீரையும் நீண்ட நேரம் குடிக்கிறது.

விலைதான் தடை. பவுணில் விலை, கப்பல் செலவு, வரி, பிறகு அது உடைந்தால் மீண்டும் அதே பாதை. தண்ணீர்க் கட்டணம் ரூபாயில், அதுவும் பெரும்பாலும் துறையின் கணக்கில் வராமல் முழு நிறுவனத்தின் பட்டியலில் வருகிறது, ஆகவே மிச்சம் பிடித்தவருக்கு ஒன்றும் திரும்பி வராது. இதைத் தெரிந்துகொண்டே சொல்கிறேன், இருக்கிற கொண்டென்சர் எல்லாவற்றையும் தூக்கிவிட்டு இதை வாங்கவேண்டாம். ஆறு ஹூட் (ஆவியை வெளியே இழுக்கும் அடைப்பு) இருக்கும் ஆராய்ச்சிக் கூடத்துக்கு இரவு வேலைக்கென்று இரண்டோ மூன்றோ போதும்.

மீதிக்கு ஒரு வாளி, மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும் சிறிய நீர்மூழ்கிப் பம்ப், பனிக்கட்டி. 20 லீற்றர் வாளியில் 100 வாட் ஒரு மணித்தியாலம் போனால் தண்ணீர் 4 பாகை ஏறும். ஒரு கிலோ பனிக்கட்டி உருக 334 கிலோஜூல் எடுக்கும், ஒரு மணித்தியாலத்தில் 100 வாட் தருவது 360 கிலோஜூல், ஆகவே மணிக்கு ஒரு கிலோ பனிக்கட்டி போட்டால் வாளி குளிர்ந்தபடியே இருக்கும். ஈதருக்கும் இதுவே வழி. ஒன்று மட்டும்: பம்பும் ஹொட்பிளேட்டும் வெவ்வேறு பிளக்கில் இருந்து பம்பின் பிளக் மட்டும் கழன்றால் பழைய ஆபத்துத்தான், இரண்டும் ஒரே பிளக்கிலிருந்து மின்சாரம் எடுக்கும்படி வையுங்கள், பம்ப் பழுதாகக்கூடும் என்பதால் இரவில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

மாணவர் வகுப்புக்கு இன்னும் இலகுவான வழி உண்டு. 20 பேர் இரண்டு மணித்தியாலம் தனித்தனியாகப் பைப்பில் போட்டால் 4800 லீற்றர் போகும். நாலு கொண்டென்சரைத் தொடராக இணைத்து, ஒரே ஓட்டத்தை நிமிடத்துக்கு அரை லீற்றராக விட்டால் நாலாவது கொண்டென்சருக்குப் போகும் தண்ணீர் 37 பாகைக்கு வந்திருக்கும், எதனோலுக்கு அது தாராளம். ஐந்து வரிசைக்கும் சேர்த்து 300 லீற்றர். குழாய் மூட்டுகளைக் கம்பியால் கட்டிவிடுங்கள், வரிசையில் ஒன்று கழன்றால் நாலும் நின்றுபோகும்.

கொண்டென்சரைப் பற்றிப் பேசிவிட்டுப் பக்கத்து மேசையில் நீர்த்தாரை வெற்றிடப் பம்ப் ஓடிக்கொண்டிருந்தால் பயனில்லை. அது நிமிடத்துக்கு 6 முதல் 10 லீற்றர் குடிக்கும், கொழும்புத் தண்ணீரின் சூட்டில் தரும் வெற்றிடமும் மோசம், ஏனென்றால் 28 பாகையில் நீரின் ஆவியமுக்கமே 28 மில்லிமீற்றர் இரசம், அதற்குக் கீழே இறங்கமுடியாது. காய்ச்சி வடித்த நீர் செய்யும் இயந்திரமும் அப்படித்தான், குளிர்நீர் 40 பாகை ஏறும்படி ஓடினாலும் ஒரு லீற்றர் நீருக்கு 13 லீற்றர் வரை சிங்க்கில் போகும். அந்தச் சூடான தண்ணீரை ஒரு தாங்கியில் பிடித்துக் கண்ணாடிப் பாத்திரம் கழுவலாம், தரை கழுவலாம், யாரும் பிடிப்பதில்லை.

தண்ணீர் இல்லாத கொண்டென்சர் வாங்க முடிவு செய்தால், விற்பனையாளரிடம் ஒன்றைச் சோதனைக்குக் கேளுங்கள். ஏப்ரல் மாதத்தில், ஏசியை அணைத்துவிட்டு, நீங்கள் உண்மையில் பாவிக்கும் கரைப்பானில் 200 மில்லிலீற்றரைக் குடுவையில் ஊற்றி எடை பார்த்துக்கொள்ளுங்கள். செக்கனுக்கு ஒரு சொட்டு, இரண்டு சொட்டு விழும் சூட்டில் 16 மணித்தியாலம் ஓடவிட்டு மறுபடி எடை பாருங்கள். முதல் தடவை ஆளில்லாமல் விடாதீர்கள், முறை வைத்து ஒருவர் பார்க்கட்டும். எதனோல் என்றால் தொடக்க எடை 158 கிராம், 8 கிராமுக்கு மேல் குறையவில்லை என்றால் எனக்கு அது போதும். பக்கத்து ஹொட்பிளேட்டையும் போட்டுவிட்டு இன்னொரு தடவை பாருங்கள், ஏனென்றால் செட்டையைச் சுற்றியுள்ள காற்றுச் சூடானால் முதலாவது சோதனையில் கிடைத்த எண் மாறும்.